குடிநீரில் தொற்றும் வைரஸைத் தேடுவது: எத்தனை லிட்டர், எவ்வளவு மீட்பு, எந்த செல்

ஆய்வறிக்கையில் "வைரஸ் கண்டறியப்படவில்லை" என்று இருந்தால், கூடவே நான்கு விவரங்கள் இருக்க வேண்டும். எத்தனை லிட்டர் நீரில் தேடினார்கள்? அதில் எவ்வளவு பங்கு கடைசியில் பரிசோதனைக் குழாய்க்குள் போனது? அந்த முறை நூற்றுக்கு எவ்வளவு வைரஸை மீட்டுத் தருகிறது? தேடியது தொற்றக்கூடிய வைரஸையா, அதன் மரபுப்பொருளை மட்டுமா? இந்த நான்கும் இல்லாத அறிக்கையை வைத்து ஒரு நீரேற்று நிலையத்தைத் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது.

பாக்டீரியா பரிசோதனை சுத்தமாக வந்தால் போதாதா என்ற கேள்விக்கு டெல்லி 1955-லேயே பதில் சொல்லிவிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் நஜஃப்கர் வடிகாலின் கழிவுநீர், யமுனையிலிருந்து வஜீராபாத் நிலையம் நீர் எடுக்கும் இடத்துக்கு ஏறி வந்தது. நிலையத்தில் குளோரின் அளவைக் கூட்டினார்கள். நகரில் டைஃபாய்டும் வயிற்றுக்கடுப்பும் பெருகவில்லை. ஆனால் அடுத்த சில வாரங்களில் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. பாக்டீரியாவை அடக்கிய குளோரின், கலங்கலும் அம்மோனியாவும் நிறைந்த அந்த நீரில் வைரஸை அடக்கப் போதவில்லை. அது ஹெபடைடிஸ் இ என்பது பல பத்தாண்டுகள் கழித்தே தெளிவானது.

இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 (2012) இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு லிட்டர் நீரில் எம்எஸ்2 ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ்) இருக்கக் கூடாது. இருந்தால், மரபுப்பொருளின் துண்டைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் முறையில் வைரஸ் பரிசோதனை செய்ய வேண்டும். வைரஸ் இருந்தால் மாசு எங்கிருந்து வருகிறது என்று களத்தில் ஆராய வேண்டும். தனித்த குளோரின் லிட்டருக்கு 0.5 மி.கி. அளவில் ஒரு மணி நேரம் நின்றால் வைரஸைச் செயலிழக்கச் செய்யப் போதும் என்றும் அது சொல்கிறது. கலங்கல் 1 என்டியூவுக்குக் கீழே இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும் என்பதை நிலையத்தில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது. மண்துகளுக்குள் ஒட்டிக்கொண்ட வைரஸைக் குளோரின் எளிதில் எட்டுவதில்லை.

பத்து லிட்டர் ஏன் போதாது

கழிவுநீரில் வைரஸைத் தேடுவது எளிது. அங்கே ஏராளமாக இருக்கும். குடிநீரில் நூறு லிட்டருக்கு ஒன்று இருந்தாலே அது கவலைப்பட வேண்டிய நீர். அப்படி ஒரு நீரில் பத்து லிட்டர் எடுத்து, மீட்புத் திறன் 30 சதவீதம் உள்ள முறையில் அடர்த்தியாக்கினால், கைக்கு வரும் வைரஸின் சராசரி எண்ணிக்கை 0.03. அதாவது அந்தப் பரிசோதனை வைரஸைப் பிடிக்க வெறும் 3 சதவீத வாய்ப்பு. அதே நீரில் ஆயிரம் லிட்டரை அதே முறையில் செலுத்தினால் சராசரி 3 ஆகும். பிடிக்கும் வாய்ப்பு 95 சதவீதம். அதுவும் அடர்த்தியாக்கிய திரவம் முழுவதையும் பரிசோதித்தால்தான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மெத்தட் 1615 ஆற்று நீருக்குச் சில நூறு லிட்டரும் நிலத்தடி நீருக்கு 1,500 லிட்டருக்கு மேலும் கேட்பது இந்தக் கணக்கால்தான்.

ஆயிரம் லிட்டரை ஆய்வகத்துக்குத் தூக்கி வர முடியாது. வடிகட்டியைத்தான் குழாயடிக்குக் கொண்டு போக வேண்டும். பெரும்பாலான குடல் வைரஸ்கள் நடுநிலை பி.எச்.சில் எதிர்மின்னூட்டத்தோடு இருக்கும். அவற்றில் ஒரு வகையான என்டெரோவைரஸின் விட்டம் 30 நானோமீட்டருக்கும் குறைவு. அதைச் சலித்துப் பிடிக்கும் துளையில் ஆயிரம் லிட்டர் ஓடாது. அதனால் துளை பெரிதாகவும் பரப்பு நேர்மின்னூட்டத்தோடும் உள்ள வடிகட்டி உருளையில் (கேட்ரிட்ஜ்) ஒட்டவைத்துப் பிடிக்கிறோம். முன்பு 1எம்டிஎஸ் என்ற வடிகட்டி. இப்போது அலுமினா நானோ இழை கொண்ட நானோசெராம் வகை.

களத்தில் இணைக்கும் வரிசை: குழாய், பின்னோட்டத் தடுப்பு வால்வு, அழுத்தக் குறைப்பான், தயோசல்ஃபேட் செலுத்தும் முனை, கேட்ரிட்ஜ் உறை, கடைசியில் ஓட்ட அளவி. உறையையும் ஹோஸையும் முன்கூட்டியே ஆட்டோகிளேவ் செய்யுங்கள், அல்லது 0.5 சதவீத ஹைப்போகுளோரைட்டில் அரை மணி ஊறவைத்துத் தயோசல்ஃபேட்டால் கழுவுங்கள். குழாய் முனையில் சல்லடை இருந்தால் கழற்றிவிட்டு, கேட்ரிட்ஜை மாட்டுவதற்கு முன் சில நிமிடம் நீரை ஓடவிட்டு, கலங்கல், பி.எச்., வெப்பநிலை, தனித்த குளோரின் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். பி.எச். 8-க்கு மேல் ஏறினால் 1எம்டிஎஸ்ஸில் வைரஸ் சரியாக ஒட்டாது. ஓட்டத்திலேயே அமிலம் சேர்க்க வேண்டியிருக்கும். நானோசெராம் இன்னும் சற்று உயர்ந்த பி.எச்.சையும் தாங்கும்.

பரிசோதனையே வீணாவது பெரும்பாலும் குளோரினை முறிப்பதில்தான். கேட்ரிட்ஜில் ஒட்டிய வைரஸின் மீது மூன்று மணி நேரம் குளோரின் நீர் ஓடினால், குழாயில் உயிர்ப்போடு வந்த வைரஸ் கேட்ரிட்ஜில் செத்துவிடும். பிறகு செல் வளர்ப்பில் ஒன்றும் தெரியாது, பிசிஆரில் மட்டும் தெரியும். "குளோரின் நன்றாக வேலை செய்கிறது" என்று தவறான முடிவுக்கு வருவோம். கணக்கு இது: ஒரு மி.கி. குளோரினை முறிக்க அதிகபட்சம் 7 மி.கி. சோடியம் தயோசல்ஃபேட் பென்டாஹைட்ரேட் வேண்டும். லிட்டருக்கு 0.5 மி.கி. குளோரின் உள்ள ஆயிரம் லிட்டரில் மொத்தம் 500 மி.கி. குளோரின், தேவை 3.5 கிராம், அதாவது 2 சதவீதக் கரைசலில் 175 மி.லி. பாதுகாப்புக்கு இரட்டிப்பாக 350 மி.லி. வைத்துக்கொள்ளலாம். நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓட்டத்தில் ஆயிரம் லிட்டருக்கு 200 நிமிடம் ஆகும்; பெரிஸ்டால்டிக் பம்பை நிமிடத்துக்கு 1.75 மி.லி.க்கு அமையுங்கள். ஓட்டம் தொடங்கிய ஐந்தாம் நிமிடமும், நடுவிலும், முடிவிலும் கேட்ரிட்ஜைத் தாண்டி வரும் நீரை, குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாகும் டிபிடி கிட்டில் பாருங்கள். துளி இளஞ்சிவப்பு தெரிந்தாலும் நிறுத்திச் சரிசெய்ய வேண்டும்.

கேட்ரிட்ஜை எடுத்து மூடி, பனிக்கட்டிப் பையோடு 1 முதல் 10 டிகிரிக்குள் அனுப்ப வேண்டும். உறையக் கூடாது. மாதிரி எடுக்கத் தொடங்கியதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் கழுவி எடுத்துவிட வேண்டும்; ஒரு நாளுக்குள் முடித்தால் நல்லது. சென்னையிலோ மதுரையிலோ மே மாதத்தில் பனிக்கட்டி பாதி வழியில் கரைந்துவிடும். பெட்டிக்குள் வெப்பநிலைப் பதிவுக் கருவி ஒன்றைப் போட்டு அனுப்பினால் பிறகு வாக்குவாதம் இருக்காது.

கழுவி எடுப்பது, அடர்த்தியாக்குவது

கழுவும் திரவம் 1.5 சதவீத பீஃப் எக்ஸ்ட்ராக்ட் (மாட்டிறைச்சிச் சாறு), 0.05 மோலார் கிளைசின், பி.எச். 9.0. காரத்தன்மை மின்னூட்டப் பிடியைத் தளர்த்துகிறது. பீஃப் எக்ஸ்ட்ராக்டின் புரதம் வைரஸின் இடத்தைப் போட்டியிட்டுப் பிடிக்கிறது. இரண்டு முறை செலுத்துங்கள், இரண்டாம் முறை திரவத்தைக் கேட்ரிட்ஜுக்குள் கால் மணி நேரம் நிறுத்திவையுங்கள். அவசரப்பட்டு அழுத்தத்தில் தள்ளினால் நுரை எழும். நுரையின் பரப்பில் வைரஸ் சிதையும். பி.எச். 10-ஐத் தாண்டினால் மீட்பு கூடுவது போலத் தெரியும், ஆனால் மீண்டு வருவதில் ஒரு பங்கு தொற்றும் திறனை இழந்திருக்கும்.

கையில் இப்போது ஏறத்தாழ ஒரு லிட்டர். இதை 30 மி.லி.க்குச் சுருக்க வேண்டும். காந்தக் கிளறியில் வைத்து, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச்.சை 3.5-க்கு இறக்குங்கள். புரதம் திரியும், வைரஸும் அதோடு சேரும். அரை மணி கிளறி, 2,500 ஜி விசையில் கால் மணி சென்ட்ரிஃபியூஜ் செய்து, படிவை 0.15 மோலார் சோடியம் பாஸ்பேட்டில் பி.எச். 9-இல் கரைத்து, மீண்டும் சுழற்றி மேல்நீரை எடுத்து, உடனே நடுநிலைக்குக் கொண்டு வாருங்கள். குடல் வைரஸ்கள் இரைப்பை அமிலத்தைத் தாண்டி வாழ்பவை என்பதால் 3.5-ஐத் தாங்கும். அமிலத்தை ஒரே மூச்சில் ஊற்றினால் ஒரு பக்கம் பி.எச். 2-க்கு இறங்கிவிடும், அங்கே இழப்பு தொடங்கும்.

பீஃப் எக்ஸ்ட்ராக்ட் பொடி எல்லாம் ஒன்றுபோலத் திரிவதில்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு தொகுதிகளில் ஒன்று நன்றாகத் திரியும், மற்றொன்று பால் போலக் கலங்கி நிற்கும். பெரிய டப்பா வாங்குவதற்கு முன் அந்தத் தொகுதியின் சிறு மாதிரியை வாங்கி, தெரிந்த அளவு வைரஸைச் சேர்த்து மீட்பைப் பாருங்கள். கடைசியில் 0.22 மைக்ரான் வடிகட்டியில் செலுத்தும்போதும் கவனம் தேவை. புதிய மெம்பிரேன் வைரஸை உறிஞ்சும். முதலில் சில மி.லி. பீஃப் எக்ஸ்ட்ராக்டை அதில் செலுத்தி நிறைவித்த பிறகே மாதிரியை விடுங்கள்.

இறக்குமதி கேட்ரிட்ஜ் கட்டுப்படியாகாத ஆய்வகத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, டயாலிசிஸுக்குப் பயன்படும் வெற்றிழைக் (உள்ளீடற்ற நுண்குழல் இழை) கேட்ரிட்ஜ். இது மின்னூட்டத்தை நம்பாமல் அளவால் பிடிக்கிறது. வைரஸ், பாக்டீரியா, ஒட்டுண்ணி மூன்றும் ஒரே வடிகட்டியில் வரும். நூறு லிட்டர் வரை செலுத்திவிட்டு, 0.5 சதவீத ட்வீன் 80, 0.01 சதவீத சோடியம் பாலிபாஸ்பேட், 0.001 சதவீத நுரையடக்கி கலந்த திரவத்தால் எதிர்த்திசையில் கழுவ வேண்டும். கலங்கல் நீரில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மற்றொன்று, ஸ்கிம் மில்க் முறை. பத்து லிட்டர் நீரின் மின்கடத்துதிறனைக் கடலுப்பால் 1.5 மில்லிசீமென்ஸ்/செ.மீ.க்கு உயர்த்தி, பி.எச்.சை 3.5-க்கு இறக்கி, 1 சதவீத ஸ்கிம் மில்க் கரைசலை 100 மி.லி. சேர்த்து, 8 மணி நேரம் கிளறி, 8 மணி நேரம் படியவிட்டு, மேல்நீரை சைஃபன் செய்து, படிவைச் சென்ட்ரிஃபியூஜ் செய்து பாஸ்பேட் பஃபரில் கரைப்பது. வடிகட்டியே வேண்டாம். ஆனால் பத்து லிட்டர்தான். கிணற்று நீருக்கும் சுத்திகரிப்புக்கு முந்தைய ஆற்று நீருக்கும் நன்றாகப் பயன்படும், சுத்திகரித்த நீரில் "இல்லை" என்று சொல்ல இது போதாது.

ஆயிரம் லிட்டர் எங்கே போனது

பிசிஆர் செய்பவர்கள் எத்தனை பேர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறார்கள்? ஆயிரம் லிட்டர் 30 மி.லி. ஆனது. அதில் 200 மைக்ரோலிட்டரிலிருந்து ஆர்என்ஏ பிரித்து, 100 மைக்ரோலிட்டரில் கரைத்து, 5 மைக்ரோலிட்டரை வினைக்குழாயில் போடுகிறோம். அந்த 5 மைக்ரோலிட்டர் 10 மைக்ரோலிட்டர் அடர்த்தித் திரவத்துக்குச் சமம். அதாவது மாதிரியின் மூவாயிரத்தில் ஒரு பங்கு. ஆயிரம் லிட்டர் எடுத்து, கடைசியில் 330 மி.லி. நீரைத்தான் பரிசோதித்திருக்கிறோம். குழாயடியில் மூன்றரை மணி நேரம் நின்ற உழைப்பு அங்கே போய்விட்டது.

இதற்கு மருந்து, 30 கிலோடால்டன் சென்ட்ரிஃபியூஜ் வடிகட்டி. 30 மி.லி.யை அதில் 0.4 மி.லி.க்குச் சுருக்கி, அதில் 200 மைக்ரோலிட்டரிலிருந்து ஆர்என்ஏ பிரித்தால், ஒவ்வொரு 5 மைக்ரோலிட்டரும் 25 லிட்டர் நீருக்குச் சமம். நான்கு குழாய் போட்டால் 100 லிட்டர். விலையாக, மட்கிய தாவரங்களிலிருந்து நீரில் கலக்கும் ஹியூமிக் அமிலமும் இரும்பும் அதே அளவு அடர்ந்து பிசிஆர் நொதியைத் தடுக்கும். எனவே ஒவ்வொரு மாதிரிக்கும் தடைச் சோதனை கட்டாயம். தெரிந்த அளவு அந்நிய ஆர்என்ஏயைச் சேர்த்து, சுத்த நீரில் வரும் சிடி மதிப்போடு (எத்தனையாவது சுழற்சியில் பிசிஆர் கண்டறிகிறது என்ற எண்) ஒப்பிடுங்கள். அல்லது மாதிரியைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து ஓட்டுங்கள். தடை இல்லையென்றால் சிடி ஏறத்தாழ 3.3 தள்ளிப்போக வேண்டும். ஒன்றுதான் தள்ளிப்போனது, அல்லது முன்னால் வந்தது என்றால் நீர்க்காத குழாயில் தடை இருக்கிறது. டிஜிட்டல் பிசிஆர் தடையைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

மீட்பை அளக்க உணவு மற்றும் புட்டி நீருக்கான ஐஎஸ்ஓ 15216, தெரிந்த அளவில் மாதிரியில் சேர்க்கும் மெங்கோவைரஸைப் பயன்படுத்துகிறது. குறைந்தது 1 சதவீதம் மீள வேண்டும் என்கிறது. இந்த எல்லை மிகத் தாழ்ந்தது. 1 சதவீத மீட்பில் "கண்டறியப்படவில்லை" என்று எழுதுவது விதிப்படி சரியாக இருக்கலாம்; குடிநீர் ஆய்வகம் அதோடு நிறைவடையக் கூடாது. செல் வளர்ப்புக்குப் போகும் மாதிரியில் வளரக்கூடிய வைரஸைச் சேர்க்காதீர்கள். அதே குழாயிலிருந்து இன்னொரு மாதிரி எடுத்து அதில் மட்டும் சேர்த்து அளக்க வேண்டும்.

தொற்றுமா, தொற்றாதா

பிசிஆர் மரபுப்பொருளின் ஒரு சிறு துண்டைத்தான் பார்க்கிறது. நூறு ஜோடி எழுத்துள்ள துண்டு முழுதாக இருந்தால் போதும், அது "உண்டு" என்று சொல்லிவிடும். என்டெரோவைரஸின் ஏறத்தாழ 7,500 எழுத்துள்ள ஆர்என்ஏவில் மற்ற இடம் உடைந்திருந்தாலும், வைரஸின் புரத உறை கிழிந்திருந்தாலும் அதற்குத் தெரியாது. குளோரின் போட்ட நீரில் பிசிஆர் எண்ணுக்கும் தொற்றும் வைரஸின் எண்ணுக்கும் இடையே ஆயிரம் மடங்குக்கு மேலும் இடைவெளி இருக்கக்கூடும்.

தொற்றும் திறனுக்கு நேரடிச் சான்று உயிருள்ள செல்தான். மெத்தட் 1615 பிஜிஎம் என்ற குரங்குச் சிறுநீரக செல்லைப் பயன்படுத்துகிறது. மூன்று முதல் ஆறு நாள் ஆன, இடைவெளியில்லாமல் படர்ந்த செல் தாளில் மீடியத்தை (வளர்ப்புத் திரவம்) வடித்து, மாதிரியை இட்டு, 80 முதல் 120 நிமிடம் ஒட்டவிட வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை பிளாஸ்கைச் சாய்த்து எல்லா இடமும் நனையச் செய்யுங்கள். விட்டால் நடுவில் செல் காய்ந்து, அது வைரஸ் சேதம் போலத் தெரியும். பிறகு குறைந்த சீரம் உள்ள மீடியம் ஊற்றி 36.5 டிகிரியில் வைத்து 14 நாள் பாருங்கள். நீர்க்காத மாதிரி, ஐந்து மடங்கு, இருபத்தைந்து மடங்கு நீர்த்தவை என ஒவ்வொன்றுக்கும் பத்து பிளாஸ்க். எத்தனை பிளாஸ்கில் சேதம் என்பதிலிருந்து மிகச் சாத்தியமான எண்ணிக்கை கிடைக்கும்.

என்டெரோவைரஸ் சேதத்தில் செல்கள் உருண்டு, ஒளியைச் சிதறடித்து மின்னி, தாளிலிருந்து உரிந்து மிதக்கும். பெரும்பாலும் இரண்டாம் நாளுக்குப் பிறகு ஓரிடத்தில் தொடங்கிப் பரவும். முதல் நாளிலேயே தாள் முழுவதும் ஒரே சீராகச் சுருங்கிச் சிதைந்தால், அது மாதிரியின் நச்சுத்தன்மை என்று சந்தேகியுங்கள். அடர்ந்த ஹியூமிக் பொருளும் உலோகமும் செல்லைக் கொல்லும். பிரித்தறியும் வழி இரண்டாம் கடத்தல்தான். 14-ஆம் நாள் பிளாஸ்கை உறையவைத்து உருக்கி, 0.22 மைக்ரானில் வடிகட்டி, பத்தில் ஒரு பங்கைப் புதிய செல்லுக்கு மாற்றி இன்னும் 14 நாள் பாருங்கள். நச்சு நீர்த்துப்போகும், வைரஸ் பெருகும். முதலில் ஒன்றும் தெரியாத பிளாஸ்குகளையும் கடத்த வேண்டும். மெதுவாக வளரும் வைரஸ் இரண்டாம் சுற்றில்தான் தெரியும். ஆக மொத்தம் 28 நாள்.

எந்த செல்லும் எல்லா வைரஸுக்கும் ஆகாது. பிஜிஎம்மில் போலியோ, காக்ஸாக்கி பி, ரியோவைரஸ் நன்றாக வளரும். எக்கோவைரஸுக்கு ஆர்டி செல், அடினோவைரஸுக்கு ஏ549, ரோட்டாவைரஸுக்கு எம்ஏ104. ரோட்டாவை இடும் முன் டிரிப்சினால் பதப்படுத்த வேண்டும். அதன் வெளிப்புரதம் விபி4 வெட்டப்பட்டால்தான் செல்லுக்குள் நுழையும். மீடியத்தில் சீரம் இருந்தால் அது டிரிப்சினை முடக்கிவிடும், ஆகவே செல்லை முதலில் நன்றாகக் கழுவுங்கள். கட்டுப்பாட்டுக்கு போலியோ தடுப்பூசி வைரஸை வைத்திருந்த ஆய்வகங்கள் இப்போது காக்ஸாக்கி பி5 போன்றவற்றுக்கு மாறுவதே முறை. 2016 ஏப்ரலில் இரண்டாம் வகை வாய்வழித் தடுப்பூசி விலக்கப்பட்ட பிறகு அந்த வைரஸைச் சாதாரண ஆய்வகத்தில் வைத்திருப்பது ஆபத்தும் விதிமீறலும் ஆகும்.

28 நாள் காத்திருக்க முடியாதவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது செல் வளர்ப்பையும் பிசிஆரையும் இணைக்கும் முறை. செல்லில் மாதிரியை இட்டு, ஒட்டிய பின் மூன்று முறை கழுவி, செல் வளர்ப்புத் தட்டின் கிணறுகளில் (குழிகளில்) பாதியை அப்போதே உறையவைக்க வேண்டும். இது பூஜ்ய நேரம். மீதியை மூன்று முதல் ஐந்து நாள் வளர்த்து, இரண்டிலும் ஆர்டி-க்யூபிசிஆர் (ஆர்என்ஏயின் எண்ணிக்கையை அளக்கும் பிசிஆர்) ஓட்டுங்கள். தொற்றும் வைரஸ் இருந்தால் எண்ணிக்கை பெருகி சிடி 3 அல்லது அதற்கு மேல் இறங்கும். செத்த வைரஸ் பெருகாது. கண்ணுக்குத் தெரியும் சேதத்தை உண்டாக்காத வைரஸையும் இது பிடிக்கும். வெப்பத்தால் கொன்ற வைரஸை இட்ட ஒரு கிணறு ஒவ்வொரு தட்டிலும் இருக்க வேண்டும். அதில் ஐந்தாம் நாள் சிடி இறங்கினால் கழுவியதிலோ கொன்றதிலோ தவறு. அடினோவைரஸில் எம்ஆர்என்ஏவைத் தேடினால் இன்னும் உறுதி. வைரஸ் செல்லுக்குள் வேலை தொடங்கினால்தான் அது உருவாகும்.

செல்லே இல்லாமல் பிஎம்ஏ என்ற சாயத்தால் பிரித்தறியும் வழியும் பரவலாகி வருகிறது. உறை கிழிந்த வைரஸுக்குள் சாயம் புகுந்து, நீல ஒளியில் ஆர்என்ஏயோடு நிரந்தரமாகப் பிணைந்து, பிசிஆரில் அதைத் தெரியாமல் செய்கிறது. வெப்பமும் குளோரினும் உறையைச் சிதைத்திருந்தால் ஓரளவு உதவும். புற ஊதா ஒளியில் செத்த வைரஸுக்கு இது பயன்படாது. புற ஊதா மரபுப்பொருளைத்தான் சேதப்படுத்துகிறது. உறை முழுதாக இருக்கும், சாயம் உள்ளே போகாது, பிசிஆர் "உண்டு" என்றே சொல்லும். புற ஊதா சுத்திகரிப்பு உள்ள நிலையத்தில் செல் வளர்ப்பைத் தவிர்க்காதீர்கள். குறிப்பாக அடினோவைரஸ்: அதன் இரட்டை இழை டிஎன்ஏயின் சேதத்தை நாம் இடும் செல்லே பழுதுபார்த்துக் கொடுத்துவிடும். பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறைக்க, சதுர செ.மீ.க்கு 186 மில்லிஜூல் தேவை என்று அமெரிக்க விதி வைத்திருப்பது இந்த வைரஸை மனதில் கொண்டுதான்.

வாந்தி-பேதி தரும் நோரோவைரஸ்தான் செல் வளர்ப்பின் பெருங்குறை. 2016-இல் ஹூஸ்டனில் பேய்லர் மருத்துவக் கல்லூரியினர் மனிதக் குடல் என்டெராய்டுகளில் (ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த சிறு குடல் திசு) அதை வளர்த்துக் காட்டினார்கள். ஆனால் குடிநீரில் கிடைக்கும் சொற்ப எண்ணிக்கைக்கு அந்த முறை போதாது. ஹெபடைடிஸ் இ-யிலும் அதே நிலை. இவற்றுக்கு ஆர்டி-க்யூபிசிஆர்தான், அதன் முடிவை "மரபுப்பொருள் கண்டறியப்பட்டது" என்றே எழுத வேண்டும்.

அன்றாடத்துக்குக் கோலிஃபேஜ்

மாதந்தோறும் செய்யக்கூடியது இதுதான்: ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான கோலிஃபேஜைத் தேடுவது. மறுநாளே முடிவு தெரியும், கண்டது தொற்றும் திறன் உள்ளதே, செலவும் குறைவு. பாக்டீரியாவின் நுண்மயிர் வழியே தாக்கும் எஃப் வகைக்கு (எம்எஸ்2 இதில் அடக்கம்) ஈ.கோலை எஃப்ஏஎம்பி, மீடியத்தில் ஆம்பிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும். செல் சுவரில் நேராக ஒட்டும் சொமாட்டிக் வகைக்கு ஈ.கோலை சிஎன்-13; நாலிடிக்சிக் அமிலம். ஒற்றை அடுக்கு அகார் முறையில் 100 மி.லி. நீர், மக்னீசியம் குளோரைடு, வளர்ச்சி வேகத்தில் உள்ள பாக்டீரியா, இரட்டை அடர்த்தி அகார் 100 மி.லி. எல்லாம் கலந்து தட்டுகளில் ஊற்றி, 36 டிகிரியில் 16 முதல் 24 மணி வைத்துத் தெளிந்த வட்டங்களை எண்ணுவது. ஐஎஸ் 10500 கேட்பது ஒரு லிட்டர் என்பதால் இதைப் பத்து முறை செய்ய வேண்டும். அல்லது ஒரு லிட்டரையே பாக்டீரியாவோடு இரவு முழுதும் வளர்த்து, மறுநாள் சில துளிகளைப் பாக்டீரியாத் தாளில் வைத்துப் பார்க்கும் மெத்தட் 1601-ஐ எடுக்கலாம். இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும், எண்ணிக்கை தெரியாது.

எஃப் வகையில் தட்டு வெறுமையாக வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பாக்டீரியாவை. எம்எஸ்2 ஒட்டுவது பாக்டீரியாவின் எஃப் பிலஸ் என்ற நுண்மயிரில்; அது 30 டிகிரிக்குக் கீழே உருவாகாது. அறை வெப்பத்தில் வளர்த்தாலோ, முதிர்ந்த வளர்ப்பைப் பயன்படுத்தினாலோ, பலமாகக் குலுக்கி மயிரை உதிர்த்தாலோ எம்எஸ்2 இருந்தும் தெரியாது. அகார் 48 டிகிரியைத் தாண்டியிருந்தால் பாக்டீரியா செத்துத் தாளே படராது. ஒவ்வொரு தொகுதியிலும் எம்எஸ்2, சொமாட்டிக் வகையான ஃபை-எக்ஸ்174 கட்டுப்பாட்டுத் தட்டுகளைக் கடைசியாக ஊற்றுங்கள். எம்எஸ்2 ஆய்வகத்தில் எளிதில் பரவும், முதலில் திறந்தால் எல்லா மாதிரியிலும் வட்டம் வரும்.

தரம் எம்எஸ்2-ஐ மட்டும் கேட்கிறது என்பதால் சொமாட்டிக் வகையை விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து. எஃப் ஆர்என்ஏ ஃபேஜ் நகரக் கழிவுநீரில் ஏராளம். தனி மனித மலத்தில் பெரும்பாலும் இருக்காது. ஒரே வீட்டின் கழிவுத்தொட்டி கசிந்து கிணற்றைக் கெடுத்தால் எஃப் தட்டு வெறுமையாகவே வரக்கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2020-இன் குடிநீர் வழிகாட்டுதலில் மூலநீருக்குச் சொமாட்டிக் கோலிஃபேஜையே எடுத்துக்கொண்டு 100 மி.லி.க்கு 50 என்ற அளவை வைத்திருக்கிறது.

சுத்திகரித்த நீரில் பிசிஆரோ செல் வளர்ப்போ "உண்டு" என்று வந்தால், அதே வாரம் மூலநீர், வடிகட்டிய நீர், குளோரின் தொட்டிக்குப் பிந்தைய நீர் மூன்றையும் ஒரே நாளில் எடுங்கள். மாதிரி எடுத்த நாளின் குளோரின், கலங்கல் பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள். செல் வளர்ப்பில் வளர்ந்த வைரஸின் விபி1 பகுதியின் (உறைப்புரதம் ஒன்றுக்கான மரபுப் பகுதி) எழுத்து வரிசையைப் படிக்க வேண்டும்; ஆய்வகத்தின் கட்டுப்பாட்டு வைரஸே மாதிரியில் கலந்திருக்கலாம். இதற்காகவே கட்டுப்பாட்டு வைரஸாக, எழுத்து வரிசையில் தனியாக அடையாளம் தெரியும் ஒன்றைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுத்து வையுங்கள். மாதிரியில் வந்த வரிசை அதோடு ஒத்துப்போனால் அது குழாயிலிருந்து வந்ததல்ல, மேசையிலிருந்து வந்தது. அந்த முடிவை நிறுத்திவைத்து, −70 டிகிரியில் எடுத்துவைத்த இரண்டாம் பங்கை வேறு அறையில், வேறொருவர் கையால் மறுபடி பரிசோதிக்க வேண்டும்.